எலிக்குப் போட்ட ஊசியும் மனுஷத் தசையில எடுத்த அளவும் ஒண்ணு இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல உடல்நலப் பக்கத்துல மைட்டோகாண்ட்ரியா பெப்டைட் (செல்லுக்குள்ள எனர்ஜி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவோட சம்பந்தப்பட்ட குட்டிப் புரதத் துணுக்கு) பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, உடற்பயிற்சியோட பலனை ஊசியிலயே குடுக்கலாம்ங்கற மாதிரி தலைப்பு. நான் அதைப் பாக்கறதுக்கு முன்னாடியே எங்க அத்தை போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. கூடவே "ஏம்மா, நீ லேப்ல பண்ற வேலை இதானே, எனக்கு இத்தனை வருஷமா சுகர் இருக்கே, இந்த ஊசி எங்க கிடைக்கும்னு கேட்டு சொல்லு, இது வந்துட்டா காலையில நடக்கப் போற வேலை மிச்சம்"னு எழுதியிருந்தாங்க. சாயங்காலம் போன் பண்ணப்போதான் தெரிஞ்சுது, அந்தக் கட்டுரையைப் படிச்சதுல இருந்து நாலு நாளா அவங்க நடக்கவே போகல.

நான் செல் வளர்க்கற லேப்ல வேலை பாக்கறேன். செல் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுக்குது, எவ்வளவு எனர்ஜி உண்டாக்குதுன்னு அளக்கறதுதான் தினசரி வேலை, அதுல இந்த பெப்டைடுகளும் வரும். அதனால கட்டுரையை ரெண்டு தடவை நிதானமா படிச்சேன். இதுல சொன்ன பெப்டைட் எல்லாம் நிஜம், ஆராய்ச்சியும் நிஜம், கட்டுரை எழுதினவர் எதையும் கதை கட்டல. ஆனா எலியில பாத்தது, தட்டுல வளர்த்த செல்லுல பாத்தது, மனுஷங்ககிட்ட வெறுமனே அளந்து பாத்தது, இந்த மூணையும் ஒரே மூச்சுல சொல்லி "நிரூபிக்கப்பட்டுள்ளது"ன்னு முடிச்சுட்டார். அந்த ஒரு வார்த்தைதான் எங்க அத்தையை வீட்டுல உக்கார வெச்சுது.

முதல்ல இந்த விஷயம் ஏன் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இவ்வளவு பிடிக்குதுன்னு சொல்லிடறேன், ஏன்னா ஆர்வத்தைக் குறை சொல்ல நான் எழுதல. மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனியா ஒரு குட்டி டிஎன்ஏ இருக்கு, அம்மாகிட்ட இருந்து மட்டும் வர்றது, வட்டமா இருக்கும், 16,569 எழுத்து. 1981-ல கேம்பிரிட்ஜ்ல அதை முழுசா படிச்சு முடிச்சாங்க. மொத்தம் 37 மரபணு, அதுல 13 தான் புரதம் செய்யும், 22 அமினோ அமிலத்தை எடுத்துக்கிட்டு வர்ற டிஆர்என்ஏவுக்கு, மீதி 2 புரதம் கட்டற ரைபோசோமோட ஆர்என்ஏவுக்கு. அவ்வளவுதான்னு கணக்கை மூடிட்டாங்க, பாடப் புத்தகத்துலயும் அப்படியே ஏறிடுச்சு, நானும் அப்படித்தான் படிச்சேன்.

2001-ல ஜப்பான்ல கெயோ பல்கலைக்கழகத்துல ஒரு குழு, அல்சைமர் நோய்ல இறந்த ஒருத்தரோட மூளையில, அந்த நோய் அதிகமா அரிக்காம விட்டு வெச்சிருந்த பின்பக்கத்து பகுதியை எடுத்தாங்க. அந்தப் பகுதி எப்படி தப்பிச்சுது, அதுக்குள்ள காப்பாத்தற ஏதோ ஒண்ணு இருக்கணுமேங்கறதுதான் அவங்க கேள்வி. அங்க இருந்த மரபணு துண்டுகளை, சாகப் போற நிலையில இருக்கற செல்லுக்குள்ள ஏத்தி, எந்த துண்டு போன செல் மட்டும் சாகாம நிக்குதுன்னு தேடினாங்க. அப்படி பிடிபட்டதுதான் ஹியூமனின், 24 அமினோ அமிலம் மட்டும் உள்ள ஒரு துணுக்கு. அது எங்க எழுதியிருக்குன்னு பாத்தா, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுல புரதமே செய்யாதுன்னு ஒதுக்கி வெச்சிருந்த அந்த ரைபோசோம் மரபணுவுக்குள்ள! இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இருபது வருஷமா எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்த அதே எழுத்துக்கு நடுவுல இன்னொரு வாக்கியம் ஒளிஞ்சிருந்திருக்கு.

அப்புறம் 2015-ல அமெரிக்காவுல தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல சாங்ஹான் லீ, பின்காஸ் கோஹன் குழு இன்னொரு ரைபோசோம் மரபணுவுக்குள்ள 16 அமினோ அமிலம் உள்ள மாட்ஸ்-சியைக் கண்டுபிடிச்சாங்க, உங்க கட்டுரையோட கதாநாயகன் இதுதான். அடுத்த வருஷம் இன்னும் ஆறு சின்ன பெப்டைட் வந்துச்சு. மாட்ஸ்-சி செய்யற வேலை ரொம்ப சுவாரஸ்யமானது. செல்லுல ஃபோலேட் சுழற்சின்னு ஒண்ணு ஓடும், டிஎன்ஏவுக்கு வேண்டிய மூலப்பொருள் அது வழியாத்தான் தயாராகும். மாட்ஸ்-சி அங்க கைய வெச்சு லேசா தடுக்கும், தடுத்ததும் பாதி தயாரான ஒரு பொருள் தேங்கும், அதுக்கு ஐக்கார்னு பேரு. அந்த ஐக்கார் தேங்கறது ஏஎம்பிகேங்கற நொதியை எழுப்பி விடும். ஏஎம்பிகே யாருன்னா, வீட்டுல கையிருப்பு குறையுதுன்னு தெரிஞ்சதும் வேண்டாத செலவை நிறுத்தி, இருக்கறதை எடுத்து பயன்படுத்துன்னு சொல்ற ஆள் மாதிரி. அது எழுந்தா தசை சர்க்கரையை உள்ள இழுக்கும், கொழுப்பை எரிக்கும். கொழுப்பு தீனி குடுத்து வளர்த்த எலிக்கு மாட்ஸ்-சி ஊசி போட்டதும் எடை ஏறாம இருந்துச்சு, இன்சுலின் சரியா வேலை செஞ்சுது. 2018-ல அதே குழு, செல்லுக்கு சர்க்கரை கிடைக்காத மாதிரி நெருக்கடி வந்தா இந்த பெப்டைட் நேரா நியூக்ளியஸுக்குள்ளயே போய் அங்க இருக்கற மரபணுக்களை இயக்குதுன்னு காட்டினாங்க. பழைய காலத்துல தனியா வாழ்ந்துட்டு இருந்த ஒரு பாக்டீரியா செல்லுக்குள்ள குடி வந்து மைட்டோகாண்ட்ரியா ஆச்சு, அது இன்னைக்கும் தலைமை அலுவலகத்துக்கு சேதி அனுப்பிக்கிட்டு இருக்குன்னு நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

இதுவரைக்கும் உங்க கட்டுரையோட நான் ஒத்துப் போறேன். சிக்கல் 2021 ஆய்வுலதான். "மாட்ஸ்-சி மனிதர்களின் தசைத் திறனை கூட்டுவது 2021-ல் நிரூபிக்கப்பட்டுள்ளது"ன்னு போட்டிருக்கீங்க. அந்த ஆய்வுல ரெண்டு தனித்தனி பகுதி இருக்கு. ஒரு பகுதியில எலி. வயசான எலிங்களுக்கு, ஏறக்குறைய 22 மாசம், மனுஷக் கணக்குல நல்ல முதுமை, அதுங்களுக்கு ஊசி போட்டு ஓட விட்டப்போ போடாத எலிங்களை விட அதிக நேரம் ஓடுச்சு. இன்னொரு பகுதியில 10 இளம் ஆண்கள், ஆரோக்கியமானவங்க, வழக்கமா உடற்பயிற்சி பண்ணாதவங்க. அவங்களை ஒரே இடத்துல நிக்கற சைக்கிளை மிதிக்க வெச்சு முன்னாடியும் பின்னாடியும் தசையில ஒரு துளி சதை எடுத்து அளந்தாங்க. மிதிச்ச பிறகு தசைக்குள்ள மாட்ஸ்-சி கிட்டத்தட்ட 12 மடங்கு ஏறியிருந்துச்சு. அவ்வளவுதான். அந்த பத்து பேருக்கும் யாரும் ஊசி போடவே இல்ல. அவங்க தசை அதை தானாவே செஞ்சுது, மிதிச்சதால செஞ்சுது. எலிக்கு வெளியில இருந்து ஊசி, மனுஷனுக்கு உள்ள இருந்து ஊத்து. இந்த ரெண்டையும் ஒட்டி ஒரே வாக்கியமா ஆக்கினதுதான் தப்பு, அதுவும் சின்னத் தப்பு இல்ல, ஏன்னா அந்த ஆய்வை ஒழுங்கா படிச்சா நடக்கறதை நிறுத்தணும்னு யாருக்கும் தோணாது, எங்க அத்தைக்கு தோணினதுக்கு நேர் எதிரா தோணும். நான் அவங்ககிட்ட அதைத்தான் சொன்னேன், அத்தை நீங்க ஊசியை தேடறீங்க, உங்க தொடையிலயே அந்த பட்டறை இருக்கு, காலை அசைச்சாத்தான் அது திறக்கும்னு. கூடவே உண்மையையும் சொன்னேன், அந்த ஆய்வுல இருந்தவங்க இளைஞர்கள், சுகர் இல்லாதவங்க, உங்க வயசுல சுகர் இருக்கறவங்களுக்கு அதே அளவு ஏறுமான்னு அந்த ஆய்வு பாக்கலைன்னு.

இப்போ எங்க வேலை எப்படி நடக்கும்னு கொஞ்சம் விவரமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா "செல்லின் எனர்ஜியை அதிகரிக்கிறது"ன்னு ஒரே வரியில நீங்க போடறதுக்கு பின்னாடி என்ன அளவு இருக்கு, அது எவ்வளவு சுலபமா நம்மளை ஏமாத்தும்ங்கறது வாசகர்களுக்கு தெரிஞ்சா நல்லது.

எங்ககிட்ட சீஹார்ஸ்னு ஒரு மெஷின் இருக்கு. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதுல 96 குட்டிக் குழி, நாங்க வெல்னு சொல்லுவோம். முந்தின நாளே ஒவ்வொரு வெல்லுலயும் எண்ணி செல்லை போட்டு வைக்கணும், நாலு மூலையில மட்டும் செல் இல்லாம விடணும், அது பின்னணி அளவுக்கு. அன்னைக்கு ராத்திரியே சென்சார் இருக்கற மூடியை திரவத்துல ஊற வைக்கணும். மறுநாள் காலையில பழைய மீடியாவை, அதாவது செல் வளர்ற திரவத்தை, உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்தணும், இந்த இடத்துலதான் கை நடுங்கக் கூடாது, பைப்பெட் முனை அடியில பட்டா செல் உரிஞ்சு வந்துடும், அந்த வெல் போச்சு. அப்புறம் கார்பன் டை ஆக்ஸைடு இல்லாத அடுப்புல 37 டிகிரியில ஒரு மணி நேரம். அதுக்கப்புறம்தான் மெஷின்ல ஏத்தறது. சென்சார் கீழ இறங்கி செல்லுக்கு மேல ஒரு துளி அளவு இடத்தை மூடும், அந்த துளிக்குள்ள ஆக்ஸிஜன் எவ்வளவு வேகமா குறையுது, எவ்வளவு அமிலம் கூடுதுன்னு சில நிமிஷத்துக்கு ஒரு தடவை எண் வரும். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டோ வார்பர்க்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி கண்ணாடிக் குழாய்ல அழுத்தம் ஏறி இறங்கறதை கண்ணால பாத்து எடுத்த அதே அளவைத்தான் நாங்க இன்னைக்கு கம்ப்யூட்டர் திரையில கோடா பாக்கறோம்.

திரையில முதல்ல ஒரு சமமான கோடு ஓடும், அது செல் சும்மா இருக்கறப்போ எடுக்கற மூச்சு. அப்புறம் மெஷினே ஒலிகோமைசின்னு ஒரு மருந்தை விடும், அது ஏடிபி, அதாவது செல் செலவழிக்கற எனர்ஜிப் பொருள், செய்யற சக்கரத்தை நிறுத்தும், கோடு படக்குன்னு கீழ விழும். எவ்வளவு விழுந்துச்சோ அவ்வளவு ஆக்ஸிஜன்தான் ஏடிபி செய்யறதுக்கு போயிட்டு இருந்துச்சுன்னு கணக்கு. விழாம நிக்கற மிச்சத்துல பெரும்பங்கு சவ்வு வழியா சும்மா ஒழுகறது. மூணாவதா எஃப்சிசிபி, அது மைட்டோகாண்ட்ரியாவோட உள்சவ்வுல ஓட்டை போட்ட மாதிரி பண்ணிடும், தேக்கி வெச்ச புரோட்டான் எல்லாம் கொட்டிடும், மைட்டோகாண்ட்ரியா அதை மறுபடி நிரப்ப முழு வேகத்துல ஓடும், கோடு ஜிவ்வுன்னு மேல ஏறும். கடைசியா ரோட்டினோன், ஆன்டிமைசின்னு ரெண்டு மருந்து, மைட்டோகாண்ட்ரியா மூச்சு விடற பாதையையே அடைக்கறது, எல்லாம் நிக்கும்.

அந்த மூணாவது இடத்தை கவனிங்க. கோடு உச்சத்துல நிக்குது, செல் ஆக்ஸிஜனை அள்ளி அள்ளி குடிக்குது, ஆனா அந்த நேரத்துல மைட்டோகாண்ட்ரியாவுல உருப்படியா ஏடிபி எதுவும் தயாராகல. ஆக்ஸிஜன் அதிகமா செலவாகுதுன்னா எனர்ஜி அதிகமா கிடைக்குதுன்னு அர்த்தமே இல்ல. குழாயில தண்ணி வேகமா ஓடறதுக்கு தொட்டி நிறையறதும் காரணமா இருக்கலாம், தொட்டி அடியில பொத்தலும் காரணமா இருக்கலாம். "மைட்டோகாண்ட்ரியாவை வேகப்படுத்தும்"னு எழுதறப்போ எந்த வேகம்னு கேக்கணும். இது வெறும் லேப் நுணுக்கம் இல்ல. 1930-கள்ல டிஎன்பின்னு ஒரு ரசாயனத்தை எடை குறைக்கற மாத்திரையா வித்தாங்க, அதுவும் இதே மாதிரி சவ்வுல ஓட்டை போடற வகைதான், உடம்பு நிஜமாவே அதிகமா எரிச்சுது, எடையும் குறைஞ்சுது. சில பேருக்கு உடம்புச் சூடு ஏறிக்கிட்டே போய் இறந்தாங்க, சில பேருக்கு கண் புரை வந்துச்சு. 1938-ல அமெரிக்காவுல மனுஷன் சாப்பிடவே கூடாத ஆபத்தான பொருள்னு அறிவிச்சாங்க. மாட்ஸ்-சி டிஎன்பி மாதிரின்னு நான் சொல்ல வரல, அது வேலை செய்யற விதமே வேற. ஆனா "மெட்டபாலிசத்தை கூட்டும்"ங்கற வார்த்தைக்கு ஏற்கனவே ஒரு தடவை உயிரை விலையா குடுத்திருக்கோம்.

இன்னொரு விஷயம், தட்டுல வளர்ற செல் நம்ம உடம்புல இருக்கற செல் மாதிரி வாழறதில்ல. வழக்கமா பயன்படுத்தற மீடியா பலதுல குளுக்கோஸ் 25 மில்லிமோலார் இருக்கும், வெறும் வயித்துல ஆரோக்கியமானவங்க ரத்தத்துல 5 பக்கம்தான். அவ்வளவு சர்க்கரைக்குள்ள மிதக்கற செல் பல நேரம் மைட்டோகாண்ட்ரியா பக்கம் திரும்பிக் கூட பாக்காம சர்க்கரையை உடைச்சே காலத்தை ஓட்டும். அந்த நிலையில ஒரு பெப்டைட் போட்டு "ஒண்ணும் ஆகல"ன்னாலும் நம்ப முடியாது, "ஆச்சு"ன்னாலும் உடம்புல அப்படி ஆகும்னு சொல்ல முடியாது. அதனால குளுக்கோஸுக்கு பதிலா காலக்டோஸ் குடுத்து மைட்டோகாண்ட்ரியாவை நம்பி வாழ வெச்சு மறுபடி பாப்போம்.

இனி பவுடர் பத்தி. பெப்டைட் உறையவெச்சு உலர்த்தின வெள்ளை பவுடரா ஒரு சின்ன குப்பியில வரும், குப்பி அடியில லேசா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும், திறக்கறப்போ மூச்சு வேகமா விட்டாலே பறந்துடும், அதனால முதல்ல சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து சுத்திட்டுத்தான் மூடியைத் திறப்போம். லேபிள்ல 1 மில்லிகிராம்னு இருந்தா அதுல முழுசும் பெப்டைட் இல்ல, ஈரம் இருக்கும், தயாரிக்கறப்போ ஒட்டிக்கிட்ட உப்பு இருக்கும், அதைக் கழிச்சுத்தான் டோஸ் போடணும். சுத்தம் 98 சதவீதம்னு போட்டிருக்கறது வேற கணக்கு, இந்த உப்பும் ஈரமும் அதுல வராது. மாட்ஸ்-சியில மெத்தியோனின்ங்கற அமினோ அமிலம் ரெண்டு இடத்துல இருக்கு, அது காத்துப் பட்டா ஆக்ஸிஜன் ஏறி மாறிடற ஆளு, அதனால உருக்கி உருக்கி உறைய வெச்சா நேத்து போட்ட பெப்டைடும் இன்னைக்கு போடறதும் ஒண்ணா இருக்காது.

எங்களுக்கே நடந்த ஒண்ணை சொல்றேன். உடம்புத் திசுக்கள்ல இருக்கற பாதுகாப்பு செல் வகை, மேக்ரோஃபேஜ், அதுல ஒரு மைட்டோகாண்ட்ரியா பெப்டைடை போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம். முதல் தடவையே அமிலக் கோடு அழகா மேல ஏறுச்சு, அதாவது செல் சர்க்கரையை வேகமா உடைக்குது. மூணு தடவை திரும்ப செஞ்சோம், மூணு தடவையும் அதே ஏத்தம். லேப்ல எல்லாருக்கும் சந்தோஷம், படம் எல்லாம் வரைஞ்சு வெச்சாச்சு. அதுக்கப்புறம்தான் கட்டுப்பாட்டுக்குன்னு ஆர்டர் பண்ணின குலைச்ச பெப்டைட் வந்து சேந்துச்சு. குலைச்சதுன்னா அதே அமினோ அமிலங்கள், அதே எண்ணிக்கை, வரிசை மட்டும் கலைச்சது, அது எந்த வேலையும் செய்யக் கூடாது. போட்டோம். அதே ஏத்தம். அப்படியே அச்சு அசல். அன்னைக்கு திரையைப் பாத்துக்கிட்டு நின்னது எனக்கு மறக்காது, யாரும் பேசல. அப்புறம் எண்டோடாக்ஸின் டெஸ்ட் பண்ணோம், ரெண்டு குப்பியிலயும் இருந்துச்சு. எண்டோடாக்ஸின்னா பாக்டீரியாவோட தோல்ல இருக்கற ஒரு பொருள், கொஞ்சூண்டு பட்டா போதும், மேக்ரோஃபேஜ் கிருமி வந்துடுச்சுன்னு நினைச்சு சர்க்கரையை எரிக்க ஆரம்பிச்சுடும். நாங்க நாலு மாசமா பெப்டைடோட வேலைன்னு அளந்தது அழுக்கோட வேலையை. எண்டோடாக்ஸின் நீக்கின குப்பி வேற இடத்துல வாங்கி செஞ்சப்போ அந்த ஏத்தம் காணாமப் போச்சு. வரைஞ்ச படம் எல்லாம் குப்பைக்கு போச்சு.

இதை ஏன் இவ்வளவு நீளமா சொல்றேன்னா, அந்தக் குப்பி வந்தது ஆராய்ச்சிக்கு மட்டும்னு ஒட்டி விக்கற இடத்துல இருந்து. எங்ககிட்ட கட்டுப்பாடு இருந்துச்சு, டெஸ்ட் இருந்துச்சு, நாங்க பிடிச்சுட்டோம், செல்லுதான் செத்துச்சு. உங்க கட்டுரையோட கடைசி பத்தியில "தற்போது இணையத்திலும் கிடைக்கிறது"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அந்த மாதிரி இணையத்துல கிடைக்கறதும் ஆராய்ச்சிக்கு மட்டும்னு ஒட்டி விக்கற குப்பிதான். அதை வாங்கி தொடையில குத்திக்கறவங்ககிட்ட குலைச்ச பெப்டைடும் கிடையாது, எண்டோடாக்ஸின் டெஸ்டும் கிடையாது. தயவுசெஞ்சு இணையப் பதிப்புல அந்த வரியை எடுத்துடுங்க. மாட்ஸ்-சி எந்த நோய்க்கும் அங்கீகரிச்ச மருந்து இல்ல. அதை கொஞ்சம் மாத்தி அமைச்ச ஒரு வடிவம் கல்லீரல் கொழுப்பு இருக்கறவங்ககிட்ட ஆரம்பக்கட்ட சோதனை வரைக்கும் போச்சு, ஊசி போட்ட இடத்துல எதிர்வினை வந்ததால நடுவுல நிறுத்தி வெச்சுட்டு அப்புறம்தான் தொடர்ந்தாங்க. விளையாட்டு வீரர்கள் வாசகர்களா இருந்தா அவங்களுக்கும் ஒரு வார்த்தை, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட தடைப் பட்டியல்ல மாட்ஸ்-சி பேரைச் சொல்லியே இருக்கு.

எலாமிப்ரடைட்ங்கற மருந்து பத்தியும் ஒரு திருத்தம் வேணும். அதையும் "மைட்டோகாண்ட்ரியா உருவாக்கும் பெப்டைட்" கூட்டத்துல சேத்துட்டீங்க. அது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுல இருந்து வந்ததே இல்ல, லேப்ல செஞ்ச நாலே நாலு அமினோ அமிலம், மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போய் உள்சவ்வுல இருக்கற கார்டியோலிபின்ங்கற கொழுப்போட ஒட்டிக்கும். 2025 செப்டம்பர்ல அமெரிக்காவுல பார்த் சிண்ட்ரோம்ங்கற ரொம்ப அரிதான பிறவி நோய்க்கு அதை துரித முறையில அங்கீகரிச்சாங்க, அந்த நோய்ல கோளாறே கார்டியோலிபின்லதான். அங்கீகாரம் கிடைச்ச சேதியை போட்டீங்க, சந்தோஷம், அந்தக் குழந்தைங்களோட அப்பா அம்மா எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு எங்க துறையில எல்லாருக்கும் தெரியும். ஆனா அதே மருந்து மைட்டோகாண்ட்ரியா தசை நோய் இருக்கற வேற நோயாளிகள்கிட்ட நடந்த பெரிய சோதனையில எதிர்பார்த்த பலனைக் காட்டலைங்கறதையும் பக்கத்துல போட்டிருக்கணும். ரெண்டையும் சேத்து படிச்சாத்தான் மைட்டோகாண்ட்ரியான்னா எல்லாருக்கும் ஒரே மருந்துன்னு இல்லைங்கறது புரியும்.

ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் முடியாத கேள்விகள் உண்டு. மாட்ஸ்-சியோட எழுத்தை மைட்டோகாண்ட்ரியாவோட சொந்த அகராதிப்படி படிச்சா பெப்டைடே வராது, நடுவுலயே நிறுத்தச் சொல்லுது, வெளியில சைட்டோபிளாசத்தோட அகராதிப்படி படிச்சாத்தான் அந்த 16 அமினோ அமிலம் வருது. அப்போ அந்த ஆர்என்ஏ மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளிய எப்படி வருதுங்கறது இன்னும் தேடிக்கிட்டு இருக்கற விஷயம். இதோட, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவோட பழைய நகல் துண்டுகள் நியூக்ளியஸ் டிஎன்ஏவுலயும் நிறைய சிதறிக் கிடக்கு, ஹியூமனின் மாதிரியே எழுத்து உள்ளது மட்டும் பத்துக்கு மேல. அதனால ரத்தத்துல ஆன்டிபாடி வெச்சு அளக்கறப்போ எதைப் பிடிச்சோம்னு சந்தேகப்பட்டே ஆகணும். இதெல்லாம் உங்க வாசகர்களுக்கு புரியாதுன்னு நினைக்காதீங்க. எங்க அத்தைக்கு போன்ல பத்து நிமிஷத்துல சொன்னேன், புரிஞ்சுது, "அப்போ லெட்டர் எழுதினது ஒரு இடம், படிக்கறது வேற இடமா"ன்னு கேட்டாங்க. இதை விட தெளிவா நான் எந்த கருத்தரங்குலயும் கேட்டதில்ல.

நான் கேக்கறது ரொம்ப பெருசு இல்ல. அடுத்த தடவை இப்படி ஒரு ஆய்வு வந்தா, யார்கிட்ட செஞ்சாங்க, வெளியில இருந்து குடுத்தாங்களா இல்ல உள்ள இருக்கறதை அளந்தாங்களா, எதோட ஒப்பிட்டாங்க, இதை ஆராய்ச்சி பண்ணினவங்ககிட்டயே ஒரு போன் போட்டு கேளுங்க, கேட்டா நிச்சயம் சொல்லுவாங்க, எங்களுக்கு யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கு. தலைப்புல எலின்னு ஒரு வார்த்தை சேக்கறதால கட்டுரை சப்புன்னு ஆயிடாது. எலி ஓடினதே பெரிய சேதிதான், அதை எலியோட சேதியா சொன்னாலும் படிப்பாங்க.

இந்த வாரத்துக்குள்ள 2021 ஆய்வு பத்தின அந்த ஒரு வாக்கியத்துக்காவது திருத்தம் போடுவீங்கன்னு நம்பறேன். அத்தை நேத்துல இருந்து மறுபடி நடக்கப் போறாங்க, ஆனா உங்க கட்டுரையை வெட்டி மாத்திரை டப்பாவோட மூடியில ஒட்டி வெச்சிருக்காங்க, நான் கிழிச்சுடுங்கன்னு சொல்லியும் கேக்கல, பேப்பர்ல வந்ததாச்சேன்னாங்க. திருத்தம் வந்தா அதையும் வெட்டி அதுக்கு மேலயே ஒட்டிக்கறேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
செல் ஆராய்ச்சி லேப்ல வேலை பாக்கற உங்க வாசகி